கரண்டிக்கு முன்னால் ஜெபம்

பாம்பனில் ரயில் ஏறும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். பெட்டியில் இருப்பவர்கள் முதலில் என் காலடியில் இருக்கும் தகரத்தைப் பார்ப்பார்கள், பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். ராமநாதபுரத்தில் இறங்கி முதுகுளத்தூர் பஸ்ஸுக்கு மாறப் போனால் கண்டக்டர் படியிலேயே மறித்துக்கொண்டு நிற்பார்.

"என்னத்தம்மா செத்ததக் கொண்டு வாரீக? வண்டி பூரா நாறுதுல்ல!"

"சுறா மீன் எண்ணெய். பிள்ளைகளுக்கு மருந்து."

"மருந்தோ மாயமோ, உள்ள ஏத்தாதீக. மேல போடுங்க."

மேலே போட்டால் வெயிலில் மூடி இளகி ஒழுகும். ஒருமுறை அப்படித்தான் ஒழுகி, ஜன்னலோரம் இருந்த பெரியவர் ஒருவரின் சலவைத் துண்டில் சொட்டிவிட்டது. அவர் என்னையும் என் வம்சத்தையும் சேர்த்து வைதார். நானும் சும்மா இருக்கவில்லை. கடற்கரையில் பிறந்தவளுக்கு வாய் அடங்கி இருக்குமா? முதுகுளத்தூர் போய்ச் சேரும்வரை இருவரும் விடாமல் பேசினோம். இறங்கும்போது அவரே தகரத்துக்கு ஒரு கை கொடுத்தார்.

நான் பாம்பன் தீவில், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அய்யாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களையெல்லாம் ஏதாவது ஒரு சண்டை போட்டு விரட்டிவிட்டு, கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் நர்ஸ் வேலை பழகினேன். அங்கேயும் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன். மூத்த கன்னியாஸ்திரீ என்னைப் பார்த்து, "உனக்குக் காலில் சக்கரம் இருக்கு. நீ நாட்டுப்புறத்துக்குப் போ" என்று சொல்லி, முதுகுளத்தூருக்கு அங்கிட்டு ஒரு சின்ன மாதா கோயிலுக்கு அனுப்பிவிட்டார். ஒரு ஓட்டுக் கோயில், பக்கத்தில் பங்குச் சாமியார் தங்கும் வீடு, ஒற்றை அறை மருந்தகம், எனக்கு ஒரு குடிசை. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மழை இரண்டு வருஷமாகப் பெய்யவில்லை. மிளகாய்ச் செடி காய்ந்து கிடந்தது, ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

பிள்ளைகளுக்கு மாலைக்கண். வெறும் கேப்பைக் கூழையே குடித்து வளர்ந்தால் வேறு என்ன வரும்? பொழுது சாய்ந்ததும் தட்டைத் தடவித் தேடும் பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கன்னியாஸ்திரீ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: முதலில் மாலைக்கண் வரும். அப்புறம் கண்ணின் வெள்ளையில் சோப்பு நுரை ஒட்டின மாதிரி ஒரு திட்டு வரும். அதற்குப் பிறகு கண் காயும். காய்ந்த கண்ணோடு பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் நாலைந்து நாளில் கருவிழி உருகிக் கண்ணே போய்விடும். சுறா ஈரல் எண்ணெயை வேளாவேளைக்கு ஊற்றினால் போதும், ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் கரையில் கிடக்கும் வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற எண்ணெய்! இங்கே அது இல்லாமல் பிள்ளைகள் குருடாகின்றன என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போய், காய்ச்சி வடிகட்டின எண்ணெயை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமைதோறும் கோயில் வேப்பமரத்தடியில் எண்ணெய் ஊற்றுவேன். ஆரம்பத்தில் எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு சாமியார் வேதக்கதை சொல்வதாகத்தான் இருந்தது. எண்ணெய் வாயில் போனதும் கூட்டம் கலைந்துவிடும். சாமியார் மீதி நாலு பேருக்குக் கதை சொல்லிவிட்டுப் புன்சிரிப்போடு எழுந்து போவார். அவர் மெதுவான மனுஷர், அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. நான்தான் முறையை மாற்றினேன். முதலில் பாட்டு, பிறகு கதை, பிறகு வரிசை. வரிசையில் வருகிற தாய், பிள்ளையின் தலையில் கை வைத்து நான் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். தப்பினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு கரண்டி எண்ணெய், வாய்க்கசப்பு போக ஒரு துண்டு கருப்பட்டி. இரண்டே மாதத்தில் அந்த மரத்தடியில் ஐம்பது பொம்பளைகள் ஒரே குரலில் ஜெபம் சொன்னார்கள். சாமியார் அசந்துபோனார். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்த வருஷத் தபசு காலத்துக்கு, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்கு, கொஞ்சம் முன்னால், தெற்கே நாலு மைலில் இருந்த ஒரு ஊரிலிருந்து ஒருத்தி வந்தாள். அந்த ஊரிலிருந்து அதுவரை ஒருவரும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போனவன், கடிதமும் இல்லை, காசும் இல்லை. இடுப்பில் மூன்று வயதுப் பெண் பிள்ளை. அவளுக்குத் துணையாக அவள் கொழுந்தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் மரத்தடிக்கு வரவில்லை. ரோட்டிலேயே சைக்கிள் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தான்.

"பொழுதடஞ்சா என் சேலையப் புடிச்சுக்கிட்டே நிக்கிது தாயி. விட்டா செவுத்துல முட்டுது" என்றாள் அவள்.

பிள்ளையின் இமையை விரித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நுரைத் திட்டு இருந்தது. "இங்கன பாரு, இது விளையாட்டில்ல. விட்டா ரெண்டு கண்ணும் போயிரும். உனக்கு மட்டும் புட்டியில தாரேன். தெனம் ஒரு கரண்டி. ஒரு நாள் விடக்கூடாது" என்றேன்.

அவள் விடவில்லை. வாராவாரம் வந்தாள். ஜெபத்தை முதல் நாளே பாடம் பண்ணிவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத அவள் ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் சொல்வாள். சொல்லும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். மூன்றாவது வாரம் வந்தபோது, "நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல கோழிய வெரட்டிக்கிட்டு ஓடுச்சு தாயி!" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. சாமியார் அன்று சாப்பிடும்போது மூன்று தடவை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நாலாவது புதன்கிழமைதான் நான் அந்தப் பேச்சைப் பேசினேன்.

அன்று அவள் புட்டியை வாங்கிக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றாள். "நாளைக்கு எங்க ஊர்ல ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுறாக தாயி. பத்து நாளைக்குக் கவிச்சி ஆகாது. மீனு வாடை வீட்டுக்குள்ள வந்தாலே தெய்வக்குத்தம். வெளியூர் போயி ராத்தங்கவும் கூடாது. இந்த எண்ணெய என்ன செய்ய?"

எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எங்கள் தபசு காலத்தில் கறிதான் கூடாது. மீன்தான் எங்கள் நோன்புச் சாப்பாடே. நாற்பது நாளும் மீன் குழம்பு தின்று வளர்ந்தவளுக்கு, நோன்புக்கு மீன் ஆகாது என்றால் எப்படி விளங்கும்? "அட, நோன்புக்கு மீனு தாராளமா ஆகும். நாங்க திங்கிறோம்ல?" என்று சிரித்தேன்.

ரோட்டிலிருந்து கொழுந்தன் சத்தமாகச் சிரித்தான். "மீனத் தின்னுக்கிட்டு நோன்பா? நல்ல நோன்புதான் போங்க!"

வரிசையில் நின்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவன் அத்தோடு விட்டிருக்கலாம்.

"எண்ணெயக் காட்டித்தான ஆளு புடிக்கிறீக? எண்ணெய நிப்பாட்டிட்டுப் பாருங்க. இதுல எத்தன பேரு வந்து முட்டி போடுறாகன்னு அப்பத் தெரியும்."

நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டேன். "ஏலே, என்ன சொன்ன? எண்ணெயக் காட்டியா? இந்த எண்ணெயில என்னடா இருக்கு? எங்க ஊர்ல வள்ளத்துக்குப் பூசுறது இது! இதுவா கண்ணக் குடுக்குது? ஜெபம்டா குடுக்குது. எண்ணெய் ஒரு சாக்கு. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாட்டியும் ஜெபம் கண்ணக் குடுக்கும், தெரிஞ்சுக்க!"

அவன் சைக்கிள் மணியை மட்டும் தட்டினான். ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் திரும்பினால் எனக்குப் பின்னாலேயே அவள் நின்றாள்.

"எண்ணெய் இல்லாட்டியும் குடுக்குமா தாயி?"

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுக்கும்" என்றேன்.

சாயங்காலம் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "எண்ணெய் வேண்டாம்னா சொன்னே?"

"ஐயோ இல்ல சாமி. அந்தப் பய வாய அடைக்க ஒரு பேச்சுக்குச் சொன்னேன். புட்டியக் கையில குடுத்துத்தான அனுப்பியிருக்கேன்."

"பேச்சுக்குச் சொன்னதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான், எனக்கு நிலைகொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே அந்த ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். சாமியார் தடுத்தார். காப்புக் கட்டின ஊருக்குள் போய் மீனெண்ணெய் குடு என்று நான் நின்றால் பெரிய வம்பாகும், பழி அந்தப் பெண் தலையில் விழும், பத்து நாள்தானே, பொறு என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்த சந்தர்ப்பங்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று அது.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. கஞ்சியை அடிப்பிடிக்க விட்டேன். மருந்துப் புட்டிகளைக் கழுவி அடுக்கி, மறுபடியும் எடுத்துக் கழுவினேன். தண்ணீர் கொண்டு வருகிறவளோடு சண்டை, பால்காரரோடு சண்டை, கோயில் கதவு கிரீச்சென்றதற்குக் கதவோடு சண்டை. தெற்கே போகிற பாதையில் யாராவது வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஜெபமாலையை எடுத்தால் ஐந்தாவது மணிக்கு மேல் விரல் நகராது, மனசு அந்தப் புட்டிக்குப் போய்விடும். ஊற்றியிருப்பாள், புத்திசாலிப் பெண், ஊற்றாமல் இருப்பாளா என்று சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, "குடுக்குமா தாயி?" என்று அவள் கேட்ட முகம் வரும். அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. புட்டிதான் கையில் இருக்கிறதே, வர வேண்டிய அவசியம் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அன்று இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தடவை எண்ணெய் ஊற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தன் வந்தான். சைக்கிளை மிதித்த வேகத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்தத் தடவை ரோட்டில் நிற்கவில்லை, நேரே மருந்தக வாசலுக்கு வந்தான்.

"நர்சம்மா, புள்ளைக்கு நாலு நாளா வயித்தால போகுது. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. வெளிச்சம் பட்டா அலறுது."

"எண்ணெய் ஊத்துறாளா?"

"புட்டி வேலியில சொருகிக் கெடக்கு. மதினி தொடவே இல்ல." அவன் என் முகத்தைப் பார்த்தான். "நீங்கதான சொன்னீக."

புட்டியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாமியார் ராமநாதபுரம் போயிருந்தார். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கப் பார்த்தான். "ஏலே, உருட்டிக்கிட்டுப் போனா எப்பப் போயிச் சேருறது? மிதி" என்று சொல்லிப் பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகாத பொம்பளை, அந்நிய ஆம்பளையின் சைக்கிளில்! வழியில் ஆடு மேய்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இந்தச் சேதி எனக்கு முன்னாலேயே தீவுக்குப் போய், அய்யா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை என்பது தனிக்கதை.

ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அவன் என்னை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போய் மதினியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடித் தோளில் சாய்த்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு நேரம்கூட விடல தாயி. காலையில, உச்சியில, பொழுதடையயில மூணு நேரமும் சொன்னேன். நேத்து அஞ்சு தடவ சொன்னேன்."

அங்கேயே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். அவள் சொல்லி முடிக்கிறவரை எனக்குப் பொறுமை இல்லை. "போதும், போதும்" என்று பிள்ளையை வாங்கி இமையைப் பிரித்தேன். இடது கண்ணில் கருவிழியே இல்லை. வேகவைத்த முட்டையின் வெள்ளை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. வலது கண் மங்கி, பளபளப்புப் போய், காய்ந்து இருந்தது. ஆனால் முழுசாக இருந்தது.

நான் புட்டியைத் திறந்தேன். அவள் பதறிக் கையைப் பிடித்தாள். "காப்பு இருக்கு தாயி! நாளைக்கு முடிஞ்சுரும்."

"நாளைக்குள்ள அந்தக் கண்ணும் போயிரும்டி!"

வாடை காற்றில் போயிருக்க வேண்டும், உள்ளேயிருந்து இரண்டு மூன்று பெரியவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் என்னை அதட்டினார். நான் பதிலுக்கு அதட்டினேன். கொழுந்தன் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினான், எல்லைக்கல்லைத் தாண்டிப் பத்து எட்டு வெளியே போய் நின்றான்.

"காப்புக் கட்டுனது ஊருக்கு. இது ஊருக்கு வெளிய. இங்கன கவிச்சி ஆகாதுன்னு யாரும் கட்டுப்பாடு போடலல்ல? நீங்க ஊத்துங்க நர்சம்மா. வாயக் கொப்பளிக்க வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ராத்திரி பொண்டு புள்ளைக ஊருக்குள்ளதான் இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் ஊற்றினேன். பிள்ளை துப்பியது, மறுபடி ஊற்றினேன். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அன்று மூன்று தடவை, மறுநாள் மூன்று தடவை. அந்த எல்லைக்கல்லுக்குப் பக்கத்திலேயே வெயிலில் குட்டிபோட்ட பூனை மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வலது கண்ணு பிழைச்சிடும். இடது முடிஞ்சது. உடம்புல சேர்ந்தது கொஞ்சம்தான், வயித்துப்போக்கு அதையும் கொண்டுபோயிடுச்சு. எண்ணெயை நடுவில ஏம்மா நிறுத்தினீங்க? நிறுத்தாம இருந்திருந்தா ரெண்டும் இருந்திருக்கும்" என்றார். அவள் வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, கூட்டம் கலைந்த பிறகும் அவள் போகாமல் நின்றாள். சாமியாரின் காலடியில் தரையில் உட்கார்ந்து, தனக்கும் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றாள்.

"ரெண்டு கண்ணும் போக வேண்டியது சாமி. என் ஜெபத்தக் கேட்டு ஒத்தக் கண்ணயாச்சும் நிப்பாட்டிக் குடுத்தாரே. அந்த நன்றி எனக்கு வேணும்ல? ஊர்ல என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறாக."

சாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஊரிலிருந்து முதல் ஆள்! அவளை எழுப்பி, உபதேசம் படிக்க வா, நல்ல நாளில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார். நான் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "குடுக்கும்" என்று நான் சொன்னதை, டாக்டர் சொன்னதை. அவர், "தப்பு உன்மேல மட்டும் இல்ல. உன்னைப் போக விடாம நிறுத்தினவன் நான். இதை ஆண்டவர்கிட்டச் சொல்லு, ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு நாளும் சொல்லு. ஆனா அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லாதே" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் சாமி? அவ ஞானஸ்நானம் கெட்டுரும்னா?"

"உன் மனசு ஆறணும்னு அவகிட்டச் சொல்லாதேன்னு சொல்றேன்."

நான் கேட்கவில்லை. வந்த ஆளை இழக்க அவருக்கு மனசில்லை என்றுதான் நினைத்தேன், அப்படியே முகத்துக்கு நேராகச் சொல்லவும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யின் மேல் ஒருத்தி வேதத்தில் சேரக் கூடாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குள்ளேயே வசனம் பேசிப் பேசிப் பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அவள் பிள்ளையோடு வந்ததும், வரிசை கூடுவதற்கு முன்னால், மருந்தகத்துக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். நின்றபடியே மளமளவென்று சொன்னேன்.

"இங்க பாரு. அன்னைக்கு நான் சொன்னது பொய். உன் கொழுந்தன் மேல இருந்த கோவத்துல சொன்னேன். கண்ணக் காப்பாத்துறது இந்த எண்ணெய்தான். நீ அந்தப் பத்து நாளும் ஊத்தியிருந்தா ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. எல்லாம் என் தப்பு. என்ன நீ என்ன வேணாலும் வையி."

அவள் வையவில்லை. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"புட்டி வேலியிலதான இருந்துச்சு" என்றாள்.

"என் தப்புதான்" என்றேன்.

"கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. தெனம் அதத் தாண்டித்தான் தண்ணிக்குப் போனேன்."

"நான் சொன்னதுனாலதான நீ ஊத்தல—"

"அப்ப நான்தான் எம்புள்ள கண்ண அவிச்சேனா?"

இல்லை, நீ இல்லை, நான்தான், நான்தான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் அழுகை அவள் காதில் ஏறவே இல்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. பிள்ளையின் இடது கண் இமையை விரலால் ஒருமுறை தடவினாள். சாமியார் எதைச் சொல்ல வந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வாரமாக நான் இறக்கி வைக்கத் துடித்த பாரத்தை இறக்கிவிட்டேன், நேராக அவள் தலையில். அதற்கு முன்னால் அவளிடம் ஒத்தைக் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்த ஒரு சாமியாவது இருந்தது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். வந்ததும் எண்ணெய், யாருக்கும் ஜெபம் கட்டாயமில்லை. கூட்டத்தில் பாதி எண்ணெய் வாங்கியதும் போய்விடும். சாமியார் மீதிப் பேருக்குக் கதை சொன்னார், ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை.

அவள் ஞானஸ்நானத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் ஒரு புதன்கிழமைகூடத் தவறாமல், நான் அங்கே இருந்த மூன்று வருஷமும், நாலு மைல் நடந்து வந்தாள். மற்றவர்களுக்கு ஊற்றுகிற மாதிரி அவள் பிள்ளைக்கு என்னை ஊற்றவிடமாட்டாள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, தன் கையாலேயே பிள்ளை வாயில் ஊற்றுவாள். தாடையில் வழிந்த சொட்டை விரலால் வழித்து அதையும் வாய்க்குள் தடவுவாள். விழுங்கிவிட்டதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள், இரண்டாவது தடவையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு கரண்டியை என் கையில் தராமல் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள்.